முன்மணி, பின்மணி

உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. உங்களுக்குத் தோள்பட்டையா? கையப் பிடிச்சுட்டு வர்றதப் பாத்தாலே தெரியுதுங்க. எனக்குக் கணுக்கால். வலது. உள்ள சவ்வு கிழிஞ்சு போச்சு. எங்கன்னு கேளுங்க. ஜப்பான்ல.

சிரிக்காதீங்க, நெசமாத்தான். இங்க பிசியோதெரபிக்கு வர்ற பத்துப் பேர்ல ஒம்பது பேர் பாத்ரூம்ல வழுக்கினவங்க. நான் ஜப்பான் மலையில வழுக்கினவ. ஆயிரம் வருசமா சாமி கும்பிடப் போறவங்க நடக்கற பாதையிங்க அது. குமானோன்னு பேரு. காடு, மலை, அதுக்குள்ள கல்லுப் படி. அந்தக் காலத்துல ராசாவெல்லாம் நடந்திருக்காராம். ராசா நடந்த பாதையில கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ் பொம்பளைங்க பத்துப் பேர் தக்காளித் தொக்கு டப்பாவோட நடந்தோம். ராசா பாத்திருந்தா பாதைய மூடச் சொல்லியிருப்பாரு.

உள்ள இன்னும் நாலு பேர் இருக்காங்க, அந்தப் பொண்ணு கூப்பிட அரை மணியாகும். சொல்றேன் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு யாரு மேலன்னு.

நான் கோமளா. கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துல முப்பத்தொரு வருசம் பிளஸ் டூவுக்குப் பிசிக்ஸ் எடுத்தேன். என்ற சிநேகிதி சம்பூர்ணம், பக்கத்துத் தெரு. இருபத்திரண்டு வருசமா காலைல ஆறு மணிக்கு ரேஸ்கோர்ஸ்ல ரெண்டு பேரும் ஒண்ணா நடக்கறோம். ஒண்ணான்னா, நான் முன்னால, அவ ரெண்டு எட்டுப் பின்னால. அவளுக்கு நடை வராதுங்க. பிரகாரம் சுத்தற மாதிரி நடப்பா. எனக்கு விறுவிறுன்னு போகணும். நான் முன்னால இருந்து பேசுவேன், அவ பின்னால இருந்து ம் கொட்டுவா. இருபத்திரண்டு வருசமா அப்படித்தான், ஒரு கொறையும் இல்ல.

இதுல ப்ரவீணான்னு ஒரு பல் டாக்டர் வந்து சேர்ந்தா. முப்பத்தெட்டு வயசு. நடக்கற பொம்பளைங்களையெல்லாம் சேத்து வாட்சப்புல ஒரு குரூப் ஆரம்பிச்சா. அதுக்குச் சிறகுன்னு பேரு. நடக்கறதுக்கு எதுக்குங்க சிறகு? கால் போதாதா? அவதான் ஒருநாள், ஜப்பான்ல இப்படி ஒரு பாதை இருக்கு, மூணு நாள் நடை, நாப்பது கிலோமீட்டர், வர்றவங்க பேர் குடுங்கன்னா. மொதல் பேரு என்னுது. ரெண்டாவது பேரு யாருதுங்கறீங்க? சம்பூர்ணம்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவ மருமகளும் சிரிச்சாளாம். "நீங்களா அத்தை? மலையா?"ன்னாளாம். அது அவளுக்குச் சுருக்குனு தச்சிருச்சு போல. அதுலருந்து எட்டு மாசம், ஞாயித்துக்கிழமை தவறாம மருதமலைப் படி ஏறி எறங்கியிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. யாரோ பாத்துட்டு வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.

"ஏம்புள்ள, என்கிட்டச் சொல்லல?"ன்னு கேட்டேன்.

"நீங்க சிரிப்பீங்க டீச்சர்"னா.

சிரிக்கத்தான் செஞ்சேன். அதுல என்ன இருக்கு?

ஆமா, டீச்சர்னுதான் கூப்பிடுவா. அவ பொண்ணுக்கு நான் பாடம் எடுத்தேன், அதுலருந்து வந்த பழக்கம். நானும் மாத்தச் சொல்லல.

சரி, ஜப்பான் போய்ச் சேந்தோம். மொத நாள் ஒரு மலங்காட்டு ஊர்ல, சின்ன விடுதியில தங்கினோம். அங்க வெந்நீர் ஊத்துக் குளியல். எல்லாப் பொம்பளைங்களும் ஒரே தொட்டியில, ஒட்டுத்துணி இல்லாம எறங்கணும். அதுதான் அவங்க வழக்கம். நம்ம ஆளுக என்ன செஞ்சாங்க தெரியுமா? நைட்டியோட எறங்கிட்டாங்க. எட்டு நைட்டி தொட்டியில மெதக்குது. விடுதிக்கார அம்மா ஓடி வந்து, பாவம், குனிஞ்சு குனிஞ்சு கும்பிட்டு வெளிய வரச் சொல்லுது. இவங்க என்னமோ மரியாதை பண்றாங்கன்னு தண்ணிக்குள்ள இருந்தே திருப்பிக் கும்பிடறாங்க. ஜவுளிக்கடைக்காரர் சம்சாரம் அமிர்தா மட்டும் மூணு தரம் கும்பிட்டா.

நானா? நான் போகவே இல்ல. ரூம்லயே துண்ட நனைச்சுத் தொடச்சுக்கிட்டேன். மானம்னு ஒண்ணு இருக்கில்லீங்க. ஆனா சம்பூர்ணம் இருக்காளே, அவங்க எல்லாம் வெளிய வந்த பொறகு தனியாப் போயி, அந்த ஊர்க்காரங்க மாதிரியே எறங்கிக் கழுத்து வரைக்கும் உக்காந்துட்டு வந்திருக்கா. அறுபத்திரண்டு வயசுல. "டீச்சர், உடம்புன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு"ங்கறா. நல்லாத்தான் மறந்தான்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்புறம் அந்த முத்திரைக் கூத்து. பாதையோரத்துல அங்கங்க சின்னச் சின்னச் சாமி இருக்கும். ஒவ்வொரு சாமிக்கும் பக்கத்துல மரப்பெட்டி, அதுக்குள்ள ஒரு ரப்பர் ஸ்டாம்பும் மையும். நடக்கறவங்க கையில ஒரு புஸ்தகம் வச்சு, வரிசையாக் குத்திக்கிட்டே போகணும். கடைசிக் கட்டம் மலைக்கு அக்கட்டால இருக்கற பெரிய கோயிலுக்கு. எல்லாக் கட்டமும் ரொம்பினா நீ முழுசா நடந்தேன்னு அர்த்தம். எல்.கே.ஜி. புள்ளைக்குக் கையில ஸ்டார் போடுவாங்களே, அந்த வேலை. நான் அந்தப் புஸ்தகத்தக் கையிலயே தொடல. இவ என்னடான்னா ஒவ்வொரு பெட்டிகிட்டயும் நின்னு, ஸ்டாம்பத் துணியில தொடச்சு, நெதானமா அமுத்தி, காயற வரைக்கும் ஊதுவா. ஊதி முடிச்சாத்தான் அடுத்த எட்டு.

"எதுக்கும்புள்ள இது?"ன்னேன்.

"மருமககிட்டக் காட்டணும் டீச்சர்"னா. "வாயால சொன்னா நம்ப மாட்டா."

இப்ப மணிக் கதைக்கு வர்றேன். அதுக்குத்தான் இவ்வளவு சொல்லிட்டு வர்றேன்.

அந்தக் காட்டுல கரடி உண்டுங்க. மனுசன் வர்றது தெரிஞ்சா அது ஒதுங்கிப் போயிரும். அதனால பையில மணி கட்டிட்டு நடப்பாங்க. ப்ரவீணா ரெண்டு பித்தளை மணி வாங்கினா. ஒண்ணு எல்லாருக்கும் முன்னால போறவங்களுக்கு, ஒண்ணு கடைசியா வர்றவங்களுக்கு. முன்மணி, பின்மணின்னு பேரும் வச்சுட்டா. நடுவுல வர்றவங்க ரெண்டு மணிக்கும் நடுவுல இருந்தாப் போதும், வழி தவறாது. பின்மணிச் சத்தம் கேக்கலைன்னா முன்மணிக்காரங்க நின்னுரணும். கேட்ட பொறகுதான் நடக்கணும். இதுதான் சட்டம்.

முன்மணி எனக்கு. பின்மணி யாருக்குன்னு சொல்லவா வேணும்?

நல்ல ஏற்பாடுதானேன்னு உங்களுக்குத் தோணும். நல்லா யோசிச்சுப் பாருங்க. பின்மணி கேக்கலைன்னா முன்மணி நிக்கணும்னா, அப்ப யாரு வேகத்துல யாரு நடக்கறது? முன்னால போறவ நான், ஆனா நடையத் தீர்மானிக்கறவ அவ. ரெண்டு நாள் பொறுத்தேன். நூறடிக்கு ஒருக்கா நின்னேன். அவ அங்க எங்கயோ நின்னு முத்திரைய ஊதிட்டு இருப்பா, நான் இங்க கொசுக்கடியில நிப்பேன். முப்பத்தொரு வருசம் ஒரு நாள் பெல்லுக்கு லேட்டாப் போனதில்ல நான்.

மூணாம் நாள் காலைல கெளம்பறப்ப மணியக் கழட்டிட்டேன். கழட்டி அவ கையில குடுத்தேன். "இந்தா, இதையும் நீயே கட்டிக்க. பின்னால கெடக்கறவளுக்குத்தான் மணி வேணும். உன்னக் கூட்டிட்டு நடக்கறதுக்கு ஒரு அரிசி மூட்டையத் தூக்கிட்டு நடந்திருக்கலாம், அதாவது பேசாம வரும்"னேன். எல்லாரும் இருந்தாங்க. அமிர்தா இருமற மாதிரித் திரும்பிக்கிட்டா.

ப்ரவீணா வந்து, "ஆன்ட்டி, அது ரூல்"னா.

"ரூல் போட்டே ரிட்டயர் ஆனவ நான், எனக்கு நீ சொல்ல வேண்டாங்கண்ணு"ன்னேன்.

சம்பூர்ணம் பையக் கீழ எறக்கினா. ரெண்டு மணியையும் பக்கத்துல பக்கத்துல அவ பையிலயே கட்டிக்கிட்டா. ஒரு மணி கட்டினா டிங்குனு கேக்கும். ரெண்டு சேந்தா ஜல்லு ஜல்லுனு ஒரு மாதிரிக் கேக்கும். நான் பாட்டுக்கு முன்னால போயிட்டேன். அப்பாடான்னு இருந்துச்சு. அன்னைக்குத்தான் நடந்த மாதிரியே இருந்துச்சு.

ஒரு எடத்துல பாதை வளைஞ்சு மேல போகுது. நேரா ஒரு ஒத்தையடிப் பாதை கீழ எறங்குது. அதுக்கு முன்னால ஒரு பலகை, இது குமானோ பாதை இல்லைன்னு இங்கிலீசுல எழுதியிருக்கு. படிச்சேன், எனக்கென்ன இங்கிலீசு தெரியாதா? ஆனா பாருங்க, மேல பாதை ஒரு சுத்துச் சுத்திட்டு அந்தக் கீழ் பாதை போற பக்கமாத்தான் திரும்பியாகணும். குறுக்கால போனா பாதி தூரம். அந்தப் பலகையெல்லாம் வழி தெரியாதவங்களுக்கு வச்சதுன்னு நெனச்சேன். கணக்குத் தப்பில்லீங்க. எல வழுக்கும்னுதான் கணக்குப் போடல. மழை பேஞ்சு ஊறின எல. அம்பதடி உருண்டு ஒரு மரத்துல முட்டி நின்னேன். எந்திரிக்கப் பாத்தா வலது கால் ஊனவே முடியல. மணி பதினொண்ணு. போன்ல சிக்னல் இல்ல.

பத்து நிமிசத்துல மேல பாதையில இவங்க வர்ற சத்தம் கேட்டுச்சு. அமிர்தா பேசறது அப்படியே கேக்குது, ஊருக்குப் போனதும் மொத வேலையா வத்தக்குழம்பு வைக்கணுங்கறா. கடைசியா ஜல்லு ஜல்லு. எல்லாம் என்ற தலைக்கு மேலயே தாண்டிப் போகுது.

கூப்பிட்டீங்களான்னு கேக்கறீங்க. எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க.

கூப்பிடலீங்க. நானே ஏறி வந்துரலாம்னு நெனச்சேன். மூச்சு வாங்கிட்டு, ஒரு குச்சியப் பிடிச்சு ஏறி, அவங்களுக்கு முன்னால போய் நின்னுரலாம்னு நெனச்சேன். அதுவுமில்லாம காலைலதான் அவளை அரிசி மூட்டைன்னேன். இப்ப நான் மூட்டையாட்டம் கெடக்கறேன். அவ மேல நின்னு எட்டிப் பாத்து, "ஏனுங் டீச்சர், விழுந்துட்டீங்களா"ன்னு கேப்பா. நீங்களா இருந்தாக் கூப்பிடுவீங்களா?

எல்லாரும் நின்னு கூடற அடுத்த சாமிகிட்டப் போய் நான் அங்க இல்லைன்னதும் தெரிஞ்சிருச்சு அவங்களுக்கு. திரும்பி வந்து தேடினாங்க. ப்ரவீணா ஏழு பேரைக் கோயிலுக்கு அனுப்பிட்டு, ஆள் கூட்டிட்டு வரக் கீழ ஊருக்கு ஓடினா. பாதையிலயே நின்னு தேடறதுக்குச் சம்பூர்ணம் மட்டும் இருந்தா. அந்த மணியோட அங்கிருந்து இங்க நடக்கறா, இங்கிருந்து அங்க நடக்கறா. "டீச்சர், டீச்சர்"னு தொண்டை கட்டற வரைக்கும் கூப்பிட்டா. தொண்டை கட்டின பொறகு வெறும் மணிதான். ஜல்லு ஜல்லுனு போகும், சத்தம் தேயும், மறுபடி வரும். பதினோரு தரம் போயிட்டு வந்தா. எண்ணிட்டுத்தான் இருந்தேன், வேற என்ன வேலை எனக்கு? அவ வேகத்துக்கு அது ரெண்டு மணி நேரம்.

பன்னண்டாவது தரம் பாதி வழியில மணி நின்னு போச்சு.

வரும் வரும்னு பாக்கறேன், வரல. காடு அமைதியாயிருச்சு. அப்பத்தானுங்க எனக்குப் பயம் வந்துச்சு. அது வரைக்கும் பயமே இல்ல. "சம்பூ"ன்னு கத்தினேன் பாருங்க, என்ற கொரல் எனக்கே தெரியல.

அவ ஒண்ணும் ஆகலீங்க, ஒரு கல்லு மேல உக்காந்து அழுதுட்டு இருந்திருக்கா. கத்தினதும் அந்தச் சரிவுல அப்படியே உக்காந்தவாக்குல வழுக்கி வந்தா. வந்து என்னைக் கட்டிப் பிடிச்சா.  அப்புறம் அவ துப்பட்டாவக் கிழிச்சு என்ற காலச் சுத்திக் கட்டினா. கட்டிட்டே கேட்டா.

"டீச்சர், மணிச் சத்தம் உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சே. பதினோரு தரம் போனே, வந்தே. எண்ணிட்டுத்தான் இருந்தேன்"னேன்.

நான் பொய் சொல்றதில்லீங்க. எனக்கு அந்தப் பழக்கமே கெடையாது. சத்தம் தெளிவாத்தான் கேட்டுச்சு, கேட்டுச்சுன்னு சொன்னேன்.

கட்டிட்டு இருந்த கை நின்னுச்சு. என்ற மூஞ்சியவே பாத்தா. "அப்ப ஏன் டீச்சர் கூப்பிடல?"ன்னா.

"நானே ஏறி வந்துரலாம்னு பாத்தேன்"னேன்.

அவ மறுபடி குனிஞ்சுக்கிட்டா. கட்ட மட்டும் நல்லாக் கட்டி முடிச்சா. இந்த டாக்டரே சொன்னாரு, மொதல் கட்டு ஒழுங்காக் கட்டியிருக்காங்கன்னு.

ரெண்டரை மணிக்கு ஊர்க்காரங்க ரெண்டு பேரோட ப்ரவீணா வந்தா. தூக்கிட்டுப் போய் ஒரு குட்டி வேன்ல ஏத்தினாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட ஒரு ஆள் வரணும். ப்ரவீணா கோயில்ல நிக்கற ஏழு பேரப் போய்ப் பாக்கணும். சம்பூர்ணம் கேக்காமலே வேன்ல ஏறிக்கிட்டா. அந்த எடத்துலருந்து பெரிய கோயிலுக்கு அஞ்சு கிலோமீட்டர்தான் பாக்கி. முப்பத்தஞ்சு நடந்துட்டா. நான் பதினோரு மணிக்கே கூப்பிட்டிருந்தா, என்கூட வேற யாரையாவது ஏத்தி விட்டுட்டு அவ ப்ரவீணாவோட நடந்தே போயிருக்கலாம், நேரம் இருந்துச்சுன்னு அமிர்தா இப்பக் கணக்குச் சொல்றா. வத்தக்குழம்பு வைக்கறவ எனக்குக் கணக்குச் சொல்றா.

அந்த ஏழு பேர் கோயில் வாசல்ல நின்னு போட்டோ எடுத்து வாட்சப்புல போட்டாங்க. சம்பூர்ணம் ஆஸ்பத்திரி பெஞ்சுல என்ற ஷூவ மடியில வச்சுட்டு அந்தப் போட்டோவப் பாத்துட்டு இருந்தா. மறுநாள் விடிஞ்சதும் ஊருக்குக் கெளம்பணும். புஸ்தகத்துல கடைசிக் கட்டம் வெள்ளையாவே இருந்துச்சு. மருமககிட்ட அதக் காட்டினாளா, என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. சொல்றதுக்கு அவ என்கூடப் பேசினாத்தானே?

பிளேன்ல எனக்குப் பக்கத்து சீட்டு அவளுது. அமிர்தாவோட மாத்திக்கிட்டா. அதுலருந்து ஒரு வார்த்தை இல்லீங்க. ஏழு வாரம். போன் பண்ணினா எடுக்கறதில்ல. அமிர்தாதான் வந்து சொன்னா. "சம்பூர்ணம் அக்கா சொல்லிச்சு, டீச்சர் செத்துப் போயிட்டாங்கன்னு நெனச்சுத்தான் அந்தக் கல்லுல உக்காந்து அழுதேன், அவங்க கீழ உக்காந்து எண்ணிட்டு இருந்திருக்காங்கன்னு." இப்படி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சா நான் என்ன ஆகறது? விழுந்தது நானு, கால் போனது எனக்கு, கோவம் அவளுக்கு. நல்லா இருக்குதுங்க நியாயம்.

டாக்டர் நடக்கக் கூடாதுன்னுட்டாரு. ஆறு மணிக்கு எந்திரிச்சுப் பழகின உடம்பு, வீட்ல இருக்க முடியல. ஆட்டோ வச்சு ரேஸ்கோர்ஸ் போயி ஒரு பெஞ்சுல உக்காந்துக்கறேன். காத்துக்குத்தான். அவ இப்பப் ப்ரவீணா கூட்டத்தோட நடக்கறா. நாங்க நடந்த பக்கமா இல்ல, எதிர்ப்பக்கமாச் சுத்தறா. இடுப்புப் பையில அந்த ரெண்டு மணியும் கட்டியிருக்கா. ரேஸ்கோர்ஸ்ல என்ன கரடியா வருது? அவளைச் சுத்தி நாலு பேர், அவ வேகத்துக்கே நடக்கறாங்க. எவளும் முன்னால போறதில்ல. பாக்கவே சகிக்கல.

தூரத்துலயே கேட்ரும் எனக்கு, ஜல்லு ஜல்லுனு. கிட்ட வரும். பெஞ்சுக்குப் பத்தடி முன்னால வந்ததும் சத்தம் நின்னு போகும். என்னைத் தாண்டிப் பத்தடி போனதும் மறுபடி கேக்கும். மொத நாள் மணியில ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். மழையில நனைஞ்சு களிம்பு பிடிச்சிருக்கும்னு நெனச்சேன்.

நான் முப்பத்தொரு வருசம் ஒலியப் பத்திப் பாடம் நடத்தினவங்க. நடக்கறவ இடுப்புல கட்டின மணி தானா நிக்காது. கையால பொத்தினாத்தான் நிக்கும்.

ரெண்டு ரவுண்டு போறா, ரெண்டு தரமும் பொத்தறா. பொத்தறதுக்காக நடையக் கொஞ்சம் குறைக்கறா. இருக்கறதே மெதுவான நடை, அதையும் குறைச்சா கிட்டத்தட்ட நின்ன மாதிரிதான். அந்த நேரத்துல ஒரு தரம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாப் போதும், நின்னுருவா. எனக்கு அவளைத் தெரியும். அன்னைக்கு அந்தக் காட்டுல மணி நின்னப்ப அந்தக் கத்துக் கத்தினேன். இங்க நிக்குது, தெனமும் ரெண்டு தரம் நிக்குது, எனக்கு வாய் வரமாட்டேங்குதுங்க. அவ போன பொறகு அந்தச் சத்தம் தேயற வரைக்கும் உக்காந்து கேட்டுட்டு இருக்கேன். எண்ணறதில்ல இப்ப.

என்னைத்தான் கூப்பிடுதா அந்தப் பொண்ணு? கோமளான்னுதானே சொல்லுச்சு? இதோ வர்றேம்மா, வந்துட்டேன்.

கொஞ்சம் கை குடுங்க, எந்திரிச்சுக்கறேன். உங்க நல்ல கையக் குடுங்க. நீங்க ரேஸ்கோர்ஸ் பக்கமெல்லாம் வர்றதுண்டா? காலைல, ஆறு மணிக்கு? மெதுவா நடப்பீங்களா? மெதுவாவே வாங்க, பரவாயில்ல.